கம்மாயைக் காடாக்கும் கலை

வாப்பா பேராண்டி, இப்படித் திண்ணை நெழல்ல உக்காரு. உன் படத்தைப் பாத்தேன். கலர் கலரா, கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு. எங்க காலத்துக் கிராமப் படத்துக்கு இம்புட்டுக் கலர் யாரு குடுத்தா? ஆனா அதுல நம்ம வயக்காடு பூரா தரிசாக் கெடக்கு, கம்மா பூரா காடா நிக்குது. அடியில ‘துல்லியம் 91 சதவீதம்’னு வேற போட்டிருக்க. அப்ப மிச்சம் 9 சதவீதத்துலதான் நம்ம ஊரு குடியிருக்கு போல. பரவால்ல, எங்கிட்டாவது இருந்தாச் சரி.

மூஞ்சியத் தூக்காத. உன் சாட்டிலைட்டு மேல இருந்து பாத்துச்சு, நான் கீழ இருந்து பாத்தேன், அம்புட்டுத்தான். முதுகுளத்தூர்ப் பக்கம் தலையாரி வேலை பாத்தவன் நான். ஊர்க் கணக்கு எழுதுற கர்ணத்துக்குப் பின்னாடி அளவுச் சங்கிலியத் தூக்கிக்கிட்டு முள்ளுலயும் கல்லுலயும் அலைஞ்ச காலு இது. நெலத்துக்குப் பேரு வைக்கிற வேலையில எம்புட்டு வித்தை இருக்குன்னு உங்க சாரு உனக்குச் சொல்லியிருக்க மாட்டாரு. நான் சொல்லித் தாரேன். சதவீதத்தை ஏத்தணுமா, அதுக்கும் வழி இருக்கு. 95 வேணுமா, 97 வேணுமா, கூச்சப்படாமக் கேளு.

மொதல்ல தரிசுல இருந்து ஆரம்பிப்போம். நீ அதுலதான பட்டம் வாங்கப் போற. இந்த நாட்டுல நெலத்தை ஒம்பது வகையாப் பிரிச்சு எழுதுற முறை 1949-50லயே வந்துருச்சு. அதுக்கு முன்னாடி அஞ்சு வகைதான். இந்த ஒம்பதுல தரிசு மட்டும் மூணு. இந்த வருசம் மட்டும் வெதைக்காம விட்டா நடப்புத் தரிசு. ஒரு வருசத்துக்கு மேல, அஞ்சு வருசத்துக்குள்ள சும்மா கெடந்தா மத்தத் தரிசு. அஞ்சு வருசம் தாண்டிருச்சுன்னா சாகுபடிக்கு லாயக்கான தரிசு. மூணுலயும் அதே கட்டாந்தரை, அதே நெருஞ்சி, அதே ஆட்டுப் புழுக்கை. வித்தியாசம் மண்ணுல கெடையாது, வருசக் கணக்குல இருக்கு. ஒரே ஒரு நாள் எடுத்த படத்தை வச்சுக்கிட்டு நீ மூணையும் மூணு கலர்ல பிரிச்சிருக்க பாரு, அதைத்தான்டா நான் மெச்சுறேன். எங்க கர்ணத்துக்கே அது முடியாது. அவரும் பழைய பசலி அடங்கலை, அதான் வருசாவருசம் எழுதுற வெள்ளாமைக் கணக்கை, பொரட்டித்தான் ஆகணும்.

பொரட்டுறதுக்கு உனக்கும் ஏடு இல்லாம இல்ல. லேண்ட்சாட் படமெல்லாம் 2008ல இருந்து இலவசம்னு நீதான சொன்ன. எண்பதுகள்ல இருந்து 30 மீட்டர் படம் இருக்குன்னும் சொன்ன. ஓசியில குடுக்குறான், பொரட்டிப் பாக்க என்ன கேடு? பத்து வருசத்துக்கு மேல எடவெளி விட்டு ரெண்டே ரெண்டு படத்தை எடுத்துக்கிட்டு வந்து, எது நடப்புத் தரிசு, எது பழைய தரிசுன்னு ஆரூடம் சொல்ற. குடுகுடுப்பைக்காரன் கூட வாசல்ல நின்னு ஆளு மூஞ்சியப் பாத்துட்டுத்தான் சொல்லுவான்.

சரி, எந்த மாசத்துப் படம் அது? ஏப்ரலா? ஏன் ஏப்ரல்னு நானே சொல்லிர்றேன். மேகம் இல்லாத படம் தேடுன, ஏப்ரல்தான் ஆப்டுச்சு. நம்ம பக்கம் என்ன நடக்குதுன்னு ரோசனை பண்ணுனியா? புரட்டாசிவாக்குல புழுதியில வெதைப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில பயிரு பச்சை கட்டும். தை மாசம் அறுத்து அடிச்சுருவோம். வயல் பச்சையா இருக்கிற நாளெல்லாம் வானம் மூடிக் கெடக்கும். வானம் தொறக்குற நாள்ல வயல்ல தாளு கூட இருக்காது, ஆடு மேஞ்சு முடிச்சிருக்கும். அந்த நேரத்துல எட்டிப் பாத்துட்டு இங்க வெள்ளாமையே இல்லன்னு எழுதிட்ட. உன் அப்பன் தின்ன சோறு எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு நெனைச்ச?

கம்மாக்கும் அதே கதைதான். ஏப்ரல்ல தண்ணி வத்திப் போயிரும். உள்ள நிக்கிற சீமக்கருவ மட்டும் வேரை ஆழத்துல விட்டு உறிஞ்சிக்கிட்டு பச்சைப் பசேல்னு நிக்கும். சுத்துப்பட்டுல பச்சையாத் தெரியுற ஒரே எடம் கம்மா வயிறுதான். உன் கம்ப்யூட்டருக்குப் பச்சைன்னா காடு. முடிஞ்சுது சோலி. ராஜசிங்கமங்கலம் பெரிய கம்மாய நாரை பறக்காத 48 மடைக் கம்மான்னு சொல்லுவாக. அம்புட்டு அகலம், நாரை கூடப் பறந்து கடக்காதாம். உன்னை மாதிரி நாலு பேரு ஏப்ரல்ல படம் புடிச்சா அந்த 48 மடையும் மரத்தடிக்குப் போயிரும்.

ஐதராபாத்துல இருக்கிற தேசியத் தொலையுணர்வு மையத்துக்காரவுக 1:50,000 அளவுல படம் போடுறப்ப ஒரே வருசத்துல மூணு பருவத்துப் படத்தையும் வச்சுப் பாக்குறாக. காரணமில்லாமயா செய்றாக? மேகத்துக்குள்ளயும் பாக்குற ராடார் படமும் இருக்கு. சென்டினல்-1ங்கிறது 2014லயே மேல போயிருச்சு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்காரவுக ராடாரை வச்சுத்தான் நெல்லுப் பரப்புப் பாக்குறாக. இதெல்லாம் போன பொங்கலுக்கு நீயே சொன்னதுதான். அப்புறம் ஏன்டா நீ அதை எடுக்கலன்னு கேட்டா, ராடாரு கத்துக்க நாளாகும் ஐயாங்கிற. நாளாகத்தான் செய்யும். ஏப்ரலுக்குன்னா கத்துக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, வெயில்ல போயி நின்னாப் போதும்.

இப்ப அந்தக் கருவைக்கு வா. மனுசனை விட அதுக்குத்தான் பட்டப்பேரு அதிகம். வேலிக்கருவ, சீமக்கருவ, பாட்டி திட்டுறப்ப வேற ஒரு பேரு. 2017ல மதுரை ஐகோர்ட்டுக் கிளை இதை வேரோட புடுங்கி எறியச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. அதே மரம் டேராடூன்ல இருக்கிற இந்திய வன ஆய்வு நிறுவனத்தோட கணக்குல காட்டுப் பரப்பாவும் ஆகலாம். அவுக விதி என்ன? 1 ஹெக்டேருக்கு மேல எடம் இருக்கணும், மரத்தோட கவிகை 10 சதவீதத்துக்கு மேல தரைய மூடியிருக்கணும். நெலம் யாருது, சட்டத்துல அதுக்கு என்ன பேருங்கிறதைக் கேக்க மாட்டாக. 10ல இருந்து 40 வரைக்கும் மூடியிருந்தா அது திறந்தவெளிக் காடு. நம்ம கம்மா அந்தப் பரிட்சையில அலட்டிக்காமப் பாசாயிரும். அவுகளை நான் குத்தம் சொல்லல. 1987ல இருந்து ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா அறிக்கை போடுறாக, விதியையும் அதுலயே எழுதி வச்சிருக்காக. அந்தப் பக்கத்தைப் படிக்காமத் தாண்டிப்போயி, காடு கூடிருச்சுன்னு குதிக்கிறவன்தான் கோமாளி.

வருவாய் ஏட்டுல அதே எடம் நீர்நிலைப் புறம்போக்கு. இப்பக் கணக்கைப் பாரு. கருவைய நீ காடுன்னு போட்டா இருவது வருசத்துல காடு கூடிருச்சு. புதர்க்காடு, அதாவது ஒதவாத நெலம்னு போட்டா தரிசு கூடிருச்சு. ஏட்டுல உள்ளபடி கம்மான்னே விட்டா எதுவுமே மாறல. மூணும் ஒரே மரம், ஒரே சேறு. ஆராய்ச்சி ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே, வகுப்புக்குப் பேரு வச்சவன் முடிவை எழுதிட்டுப் போயிட்டான். நீ மூணு வருசமாக் கம்ப்யூட்டர் முன்னாடி முழிச்சது, அவன் எழுதுனதைப் பிரதி எடுக்கத்தான்.

இதுல இன்னொரு கூத்தும் இருக்கு. கம்மாக் கருவைய ஏலத்துல எடுத்து வெட்டுவாக. மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில ஏத்திருவாக. வெட்டுன கையோட சாட்டிலைட்டு வந்தா காடழிப்பு. அடிக்கட்டையில இருந்து திரும்பத் தழைச்சு ஆளு ஒசரம் வந்தப்புறம் வந்தா காடு வளர்ப்பு. கமுதியில கரி மூட்டம் போடுறவன் தன்னையறியாமலே உலகத் தட்பவெப்பத்தை ஏத்தி எறக்கிக்கிட்டு இருக்கான். அவன்கிட்டப் போயி, அண்ணே, நீங்க இந்த வருசம் எத்தனை ஹெக்டேர் காடு வளத்தீகன்னு கேளு. கையில அருவா இருக்கும், கொஞ்சம் தள்ளி நின்னு கேளு.

சரி, வித்தை சொல்றேன்னு சொன்னேன்ல. உன் பிழை அட்டவணைய எடு. எது எதோட கலங்குதுன்னு பாரு. அறுத்த வயலும் தரிசும் கலங்குது, தரிசும் மேய்ச்சலும் கலங்குது. கலங்குறது பூராவையும் ஒரே வகுப்பாக்கி ‘வெவசாய நெலம்’னு பேரு வச்சிரு. 91 இருந்த எடத்துல 95 நிக்கும். நெலத்துல ஒரு புல்லு கூட அசைஞ்சிருக்காது, உன் சதவீதம் மட்டும் மாடி ஏறிரும். அதுவும் பத்தலையா? நெலம், கடல்னு ரெண்டே வகுப்பு போடு. 99.9 வரும். தனுஷ்கோடியில மட்டும் சித்தக் கவனமா இரு, அங்க அதுங்க ரெண்டும் இன்னும் பேசி முடிக்கல.

சிரிக்காத. கடலரிப்பைப் பாக்குறவனுக்கு அந்த ரெண்டு வகுப்பு போதும், அவனை நான் கேலி பண்ண மாட்டேன். உன் கேள்வி என்ன? மானாவாரி நெல்லு எம்புட்டுத் தரிசாப் போச்சுங்கிறது. நெல்லையும் தரிசையும் ஒரே வகுப்புல அடைச்சப்புறம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல படத்துல யாரு மிச்சமிருக்கா?

அப்புறம் அந்த 85. அதுக்குக் கீழ வந்தா உங்க சாரு கையெழுத்துப் போட மாட்டாராமே? 1976ல அமெரிக்காவுல ஆண்டர்சன்னு ஒருத்தரும் கூட்டாளிகளும் நெலத்தை வகைப்படுத்துற முறை ஒண்ணு எழுதுனாக. அதுல கொறைஞ்சது 85 இருக்கணும்னு வச்சாக. அவுக ஊருக்கு, அவுக காலத்துக்கு வச்சது. அவுக வயலு ஒண்ணு எத்தனை ஏக்கரு, நம்ம வயலு எத்தனை சென்டு? உன் லேண்ட்சாட் கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், சென்டுல சொன்னா 22 சொச்சம். நம்ம ஊரு 22 சென்டுல ரெண்டு பங்காளி, மூணு வரப்பு, நாலு பனை, ஒரு சிவில் கேஸு இருக்கும். உனக்கு அது ஒரே கலரு. சென்டினல்-2 எடுத்தா கட்டம் ரெண்டரை சென்டுக்குள்ள வரும். கேஸு தெரியாட்டியும் வரப்பாவது தெரியும்.

ஐரோப்பிய விண்வெளி முகமைக்காரவுக 2021ம் வருசத்துக்கு உலகம் பூராவுக்கும் 10 மீட்டர்ல ஒரு படம் போட்டிருக்காக. 11 வகுப்பு. துல்லியம் 76.7னு அவுகளே எழுதியிருக்காக. அம்புட்டுக் காசு, அம்புட்டு ஆளு வச்சிருக்கிறவன் உலகத்துக்கு 77 கூடப் போட மனசில்லாம உக்காந்திருக்கான். நீ முதுகுளத்தூருக்கு 91 போட்டுட்டு வந்து நிக்கிற. பெருமையாத்தான்டா இருக்கு.

அந்த 91 எப்படி வந்துச்சுன்னும் எனக்குத் தெரியும். சரிபாக்க நீ போன எடமெல்லாம் பரமக்குடி ரோட்டோரம். பைக்கை நிறுத்திட்டு இஞ்சின் சூடு ஆறுறதுக்குள்ள திரும்புற தூரம். நல்லாப் பெருசா, கலப்படம் இல்லாம, கண்ணுக்குத் தெளிவாத் தெரியுற வயலாப் பாத்துக் குத்தியிருக்க. கம்ப்யூட்டருக்குப் பாடம் எடுத்தது எந்த வயலோ, அதுக்குப் பக்கத்துக் கட்டத்துலயே பரிட்சையும் வச்சிருக்க. பாசாகாம என்ன செய்யும்? கம்மாக் கரை தாண்டி அங்கிட்டு ஒரு புள்ளி கூட இல்ல. செருப்பு தேயாத துல்லியம்டா உன்னது.

இதெல்லாம் ஒரு பக்கம் கெடக்கட்டும். ‘2050ல நம்ம தாலுகா’ன்னு பின்னாடி ஒரு படம் போட்டிருக்க பாரு, அதுக்கு வருவோம். உன்கிட்ட நான் நிஜமாக் கேக்க நெனைச்சது அதைப் பத்தித்தான்.

எங்க ஊர்ல ஒரு கர்ணம் இருந்தாரு. பேரு வேண்டாம், போய்ச் சேந்துட்டாரு. மாசாமாசம் வயல்ல எறங்கிப் பாத்து அடங்கல் எழுதணும்ங்கிறது ஏற்பாடு. இவரு எறங்க மாட்டாரு. ஜமாபந்திக்கு முந்துன வாரம் திண்ணையில உக்காந்து, வெத்தலையக் கிள்ளிப் போட்டுக்கிட்டே, போன பசலிக் கணக்கைப் பாத்து இந்தப் பசலிக்கு எழுதுவாரு. தாசில்தார் வந்து சோதிப்பாரு. நஞ்சை நஞ்சையாவே இருக்கும், புஞ்சை புஞ்சையாவே இருக்கும், பாறை பாறையாவே இருக்கும். நூறு புல எண்ணுல 96 பொருந்தும். பேஷ், பேஷ்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாரு. எண்பதுல எம்.ஜி.ஆர். அந்தப் பதவியை ஒழிக்கிற வரைக்கும் எங்க கர்ணம் துல்லியத்துல யாருக்கும் சளைக்கல.

இப்ப அந்த 2050 படத்தைப் போட்ட உன் மாடலை அவரு பக்கத்துல உக்கார வையி. நூறு கட்டம். பத்து வருசத்துல நிஜமா மாறுனது 4. எதுவுமே மாறலன்னு கர்ணம் எழுதுறாரு, 96 சரி. உன் மாடலும் 4 மாறும்னு சொல்லுது. அதுல 1 சரியா விழுந்துச்சுன்னு வையி. மூணு எடத்துல மாறும்னு சொன்ன, மாறல. மூணு எடத்துல மாறுனது, நீ சொல்லல. மொத்தம் 6 தப்பு, உனக்கு 94. சாட்டிலைட்டு, கம்ப்யூட்டரு, உதவித்தொகை, மூணு வருசம், அம்புட்டையும் போட்டு ஓடி வந்து, வெத்தலை போட்ட மனுசன்கிட்ட ரெண்டு மார்க்கு தோத்துட்ட. ஆனா 94ன்னு எழுதுனா ஊரே கை தட்டும், கர்ணத்தோட மார்க்கை யாரும் பக்கத்துல எழுதச் சொல்லலைல்ல.

மாற்றத்தை மட்டும் பாத்தா என்ன வரும்? சரியாப் புடிச்சது 1. புடிச்சது, விட்டது, பொய்யாச் சொன்னது எல்லாம் சேத்து 7. ஏழுல ஒண்ணு, 14 சதவீதம். மாற்றத்தைச் சொல்றதுக்குத்தான மாடலு? அப்ப உன் மார்க்கு 94ஆ, 14ஆ?

இதை நான் மட்டும் சொல்லல. அமெரிக்காவுல கிளார்க் பல்கலைக்கழகத்துல பான்டியஸ்னு ஒரு வாத்தியாரு இருக்காருன்னு நீ சொன்னதுதான். 2008ல அவரும் கூட்டாளிகளும் 9 மாடலை வச்சு ஓட்டுன 13 கணக்கை வரிசையா எடுத்துப் போட்டுப் பாத்தாக. மூலப் படத்தோட கட்ட அளவுலயே பாத்தா, 13ல 12ல சரியாச் சொன்ன மாற்றத்தை விடத் தப்புதான் அதிகம். அப்புறம் 2011ல மில்லோன்ஸ்ங்கிறவரோட சேந்து, துல்லியத்துக்கு அளவுகோல்னு உங்க ஆளுக எல்லாம் கும்புடுற அந்தக் கப்பா எண்ணுக்குத் தலைப்புலயே சாவுமணி அடிச்சு ஒரு கட்டுரை எழுதுனாரு. நீ இன்னும் கப்பா 0.88னு மொதப் பக்கத்துல மாலை போட்டு வச்சிருக்க. செத்த வீட்டுக்கு நீ மட்டும் பட்டு வேட்டி கட்டிக்கிட்டு வந்திருக்கடா அப்பு.

கப்பாவுக்குப் பதிலா அவரு கேக்கச் சொன்னது ரெண்டே கேள்விதான். நம்ம பாசையிலயே கேட்டுரலாம். எம்புட்டுங்கிறதுல தப்பா, எங்கிட்டுங்கிறதுல தப்பா? தாலுகாவுல 500 ஏக்கர் தரிசாச்சுன்னு சரியாச் சொல்லிட்டு, எந்த ஊரு ஏக்கருங்கிறதுல கோட்டை விடலாம். எடத்தைச் சரியாப் புடிச்சிட்டு, கணக்குல ரெண்டு மடங்கு ஏத்தியும் சொல்லலாம். வறட்சி நிவாரணத்துக்கு மெட்ராசுக்கு எழுதுற கலெக்டருக்கு எம்புட்டுங்கிறது இருந்தாப் போதும். எனக்கு எங்கிட்டுங்கிறதுதான் வேணும். பணம் எங்க ஊருக்கு வருதா, பக்கத்து ஊரு சம்பந்தி வீட்டுக்குப் போகுதான்னு பாக்கணும்ல.

உன் ரெண்டு படமும் தனித்தனியா 85 வாங்கியிருக்குன்னே வச்சுக்குவோம். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுத்தான மாற்றம் பாக்குற? தப்பு ரெண்டுலயும் தனித்தனியா விழுந்திருந்தா, ரெண்டுலயும் சரியா இருக்கிறது 85ல 85, 72 சதவீதம்தான் தேறும். மிச்சம் 28ல ஒண்ணாவது தப்பு. நிஜமா மாறுனது 4, தப்பால மாறுன மாதிரி வேசங்கட்டி வரக்கூடியது 28 வரைக்கும். இதுக்கு மேல ஒரு படம் அரைக் கட்டம் நகந்து உக்காந்திருந்தா, வரப்புக்கு வரப்பு மாற்றம்னு வரும். அதை எடுத்து மாடலுக்கு ஊட்டுற. அது என்னத்தைக் கத்துக்கும்? உன் தப்பைத்தான் மனப்பாடம் பண்ணிக்கும், பாவம்.

அதுலயும் எந்த வருசத்துல இருந்து எந்த வருசம்னு பாத்தியா? 2005ல மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. 2016ல வடகிழக்குப் பருவமழை கைய விரிச்சுருச்சு, 2017 சனவரியில தமிழ்நாடு பூரா வறட்சின்னு அரசாங்கமே அறிவிச்சுச்சு. நீ 2005ஐயும் 2017ஐயும் எடுத்துக்கிட்ட. நடுவுல பயிரு தரிசாச்சுன்னு வந்துச்சு. அதே வேகத்துல போகும்னு மார்க்கோவ் கணக்குல ஓட்டுன. 2050ல தாலுகாவே தரிசு. இன்னொருத்தன் 2017ஐயும் 2021ஐயும் எடுத்துக்கிட்டு வரட்டும், 2021ல மழை பொளந்து கட்டுச்சு. அவன் கணக்குல 2050ல மாரியம்மன் கோயில் வரைக்கும் நெல்லு நிக்கும். ரெண்டு பேரும் ஒரே கல்லூரியில பட்டம் வாங்குவீக. ஒரே மேடையில வாங்காதீக, அம்புட்டுத்தான்.

மேல மூடியிருக்கிறது ஒண்ணு, கீழ மனுசன் அதை வச்சுச் செய்றது ஒண்ணு. அதையும் நீ குழப்பியிருக்க. பைபாஸ் ரோட்டோரம் கல்லு நட்டு ‘நகர்’னு போர்டு வச்ச எடத்துல புல்லுதான் மொளைச்சிருக்கும். உன் படத்துல அது புல்லுத் தரை. பத்திர ஆபீசுல அது மூணு கை மாறி, நாலாவது ஆளுக்கு முன்பணம் குடுத்தாச்சு. தரிசுன்னு நீ போட்ட எடத்துல கீதாரி கிடை போட்டிருப்பான். ஒதவாத நெலம்னு உன் படம் சொல்றதுல அவனோட முந்நூறு ஆடு வயிறு ரொம்பிப் போகும். கமுதிப் பக்கம் 2016ல 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்துச்சு. அந்தத் தகடுக்கு உன் பட்டியல்ல வகுப்பே கெடையாது. வகுப்பு இல்லாதது மாறவும் முடியாது. கருப்பாத் தெரியுறதைப் பாத்துத் தண்ணின்னு உன் கம்ப்யூட்டரு நெனைச்சுருச்சுன்னா, ராமநாதபுரம் ஜில்லாவுல கோடையிலயும் வத்தாத ஒரு ஏரி கண்டுபுடிச்ச பெருமையும் உனக்கு வந்துரும்.

சரி, கேலி போதும். உன் மொகம் கருவக் கரி மாதிரி ஆயிருச்சு. செய்ய வேண்டியதைச் சொல்றேன், எழுதிக்க.

கேள்விய மொதல்ல எழுதி வையி, வகுப்பை அப்புறம் பிரி. கருவைக்குத் தனி வகுப்பு குடு, காட்டுலயும் சேக்காத, தரிசுலயும் சேக்காத. ஏட்டுல அந்த எடத்துக்கு என்ன பேருங்கிறதைத் தனிப் படமாப் போட்டுக்க, ரெண்டையும் கலக்காத. தரிசுன்னு போடுற ஒவ்வொரு கட்டத்தையும் அஞ்சு வருசத்துக்குப் பின்னோக்கிப் பாரு. கார்த்திகை மாசத்துக்கு ராடாரை எடு, நாளானாலும் கத்துக்க. படத்துல கட்டத்தை எண்ணி இம்புட்டு ஏக்கருன்னு எழுதாத. 2014ல ஓலோஃப்சன்னு ஒருத்தரும் கூட்டாளிகளும் சொன்ன முறை உன் பையிலயே இருக்கு. மாறுனதாப் படம் சொல்ற எடத்துக்குன்னு தனியாப் புள்ளி ஒதுக்கி, குலுக்கல்ல விழுந்த எடத்துக்குப் போயி நேர்ல பாத்து, அதுல இருந்து பரப்பைத் திருத்தி, கூடக் கொறைய எம்புட்டு இருக்கலாம்னும் பக்கத்துலயே போடச் சொல்றாக. குலுக்கல்ல கம்மா நடுவுல விழுந்தா நடுவுலதான் போகணும். என்னையும் கூப்புட்டுக்க, பாதை எனக்குத் தெரியும். கர்ணத்தோட மார்க்கையும் உன் மார்க்குக்குப் பக்கத்துலயே எழுதிரு.

இப்படியெல்லாம் செஞ்சா 91 வராது ஐயாங்கிற. வராதுதான். 71 வந்தா அதிர்ஷ்டம். உங்க சாரு 85க்குக் கீழ ஒத்துக்க மாட்டாராக்கும்? அதுக்கும் ஐயா வழி வச்சிருக்கேன். நெலம், கடல்னு ரெண்டு வகுப்புல ஒரு படம் போட்டு, 99.9னு கொட்டை எழுத்துல எழுதி, மொதப் பக்கத்துல ஒட்டிரு. அவரு சந்தோசமாக் கையெழுத்துப் போட்டுருவாரு. உள்ள 60வது பக்கத்துல உள்ளதை உள்ளபடி 71னு எழுதி வையி. 60வது பக்கம் வரைக்கும் பொறுமையாப் படிச்சு வர்றவன் எவனும் உன்கிட்ட 85 கேக்க மாட்டான்.